காட்டுக்குள் பெல் அடிக்கலாமா?

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு இழுப்பறை இருக்கிறது. தீர்ந்துபோன பேட்டரி, எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவிகள், ரப்பர் பேண்ட், பாதி எரிந்த மெழுகுவர்த்தி என்று வீட்டில் போக்கிடம் இல்லாத எல்லாமே கடைசியில் அதற்குள்தான் வந்து சேரும். மூன்று வருஷமாக என் சைக்கிள் பெல்லும் அங்கேதான் கிடந்தது. போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், முழங்கால் வரை சேறோடு உள்ளே வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் அந்த இழுப்பறையைக் கிளறி பெல்லை எடுத்தேன். “யாரையாவது இடிச்சுட்டீங்களா?” என்று மனைவி கேட்டார். இல்லை என்றேன். யாரையும் இடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை மாதம் கழித்தும் அந்த விஷயம் எனக்குள் முழுசாக அடங்கவில்லை, அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

முதலில் பெல்லை ஏன் கழற்றினேன் என்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் சர்ரே பக்கம் குடிவந்த முதல் வசந்தத்தில் ஒரு பழைய மவுண்டன் பைக் வாங்கினேன். பின்பக்கம் சஸ்பென்ஷன் கிடையாது, எனக்கு முன்னால் இரண்டு பேர் கையில் இருந்து வந்தது. பெல் மட்டும் நானே தேடி வாங்கிய புதுசு. பித்தளை. கட்டைவிரலால் சுண்டினால் கோவில் மணியின் பேத்தி மாதிரி கணீரென்று எழுந்து நிதானமாக அடங்கும். ஹோம்பரி மலைப் பக்கம் ஒரு பாதையில் வயதான கணவனும் மனைவியும் கைத்தடி ஊன்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பழக்கத்தில், கிட்டே போனதும் ‘டிங்’ என்று ஒன்று விட்டேன். இரண்டு பேரும் ஷாக் அடித்த மாதிரி துள்ளி ஆளுக்கொரு பக்கம் முள்செடிக்குள் ஒதுங்கினார்கள். ஒதுங்கியதோடு விட்டார்களா, “ஸாரி, ஸாரி” என்று என்னிடமே மன்னிப்பு வேறு கேட்டார்கள். அந்த அம்மாவின் ஸ்வெட்டர் முள்ளில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிடலாம் என்று இறங்கிக் கை நீட்டினேன். சிரித்த முகத்தோடு வேண்டாம் என்றார். ரொம்ப மரியாதையான வேண்டாம். அதைவிட நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

மன்னார்குடியில் நான் சைக்கிள் விட்ட காலத்தில் பெல் அடிப்பது மூச்சு விடுவது மாதிரி. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், யாரும் கோபப்படவும் மாட்டார்கள். கடைத்தெருவில் நூறு பெல் காதில் விழுகிறவன் எந்த பெல்லுக்கென்று திரும்புவான். நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், போவோம் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. இங்கே, இலை விழும் சத்தம்கூடக் கேட்கிற காட்டில், அதே ‘டிங்’ ‘விலகு’ என்று கேட்டிருக்கிறது. இந்த ஊரில் புது சைக்கிளை பெல் பொருத்தித்தான் விற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வாங்கிய பிறகு கழற்றிப் போட்டால் குற்றமில்லை. கழற்றிப் போட்டேன்.

பெல் இல்லையென்றால் வாயைத் திறந்து கூப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறேன், மீட்டிங்கில் சண்டையும் போடுகிறேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் முதுகைப் பார்த்துக் குரல் கொடுக்க மட்டும் வாய் வரவில்லை. முகம் பார்த்துப் பேசும்போது இல்லாத கூச்சம் முதுகைப் பார்த்ததும் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் உச்சரிப்பைக் கேட்டுத் திரும்புகிறவர் முகத்தில் என்ன இருக்கும் என்ற யோசனை. அதனால் நான் கண்டுபிடித்த வழி, சத்தமில்லாமல் பின்னாலேயே போவது. அவர்களே எப்போதாவது திரும்பிப் பார்த்து ஒதுங்குவார்கள், நான் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன். ஒரு குடும்பத்தின் பின்னால் ஐந்து நிமிஷம் அப்படி ஊர்ந்திருக்கிறேன். சில பேர் திரும்பியதும் வீலென்று கத்தியதும் உண்டு. இதையெல்லாம் நான் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தயிர்ச்சட்டிகள்

சர்ரே மலைகளைப் பற்றி ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். இருப்பதிலேயே உயரமான லீத் ஹில் 294 மீட்டர். 1765-ல் ரிச்சர்ட் ஹல் என்பவர் அதன் உச்சியில் ஒரு கோபுரம் கட்டினார், அதில் ஏறி நின்றால் ஆயிரம் அடியைத் தாண்டிவிடலாம். மலை கொஞ்சம் குட்டையாகப் போய்விட்டதே என்று கோபுரம் கட்டிச் சரிசெய்த ஊர் இது. ஹோம்பரி ஹில் 261, பிட்ச் ஹில் 257. ஆனால் சைக்கிளுக்கு இந்த உயரம் தாராளம். அரை மணி நேரம் நாக்குத் தள்ள ஏறினால் ஐந்து நிமிஷம் இறங்கலாம். இந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கினால், கால் அடுத்த புதன்கிழமை வரை ஞாபகம் வைத்திருக்கும்.

இங்கே சைக்கிள்காரர்கள் மொய்ப்பதற்கு மண்ணும் ஒரு காரணம். கிரீன்சாண்ட் என்கிறார்கள், பச்சை மணல். பார்த்தால் பச்சையே தெரியாது, காவிதான். மழை பெய்தால் குடித்துவிட்டு மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். கொஞ்சம் வடக்கே போனால் சுண்ணாம்புக் குன்றுகள், நனைந்தால் சோப்புக்கட்டி. தெற்கே இறங்கினால் களிமண், நவம்பரில் போனால் சக்கரம் சுற்றாது, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வர வேண்டியதுதான். நடுவில் இந்த மணல் மேடு மட்டும் வருஷம் முழுக்க ஓட்டலாம். நான் சைக்கிளை ரயிலில் ஏற்றி கோம்ஷால் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து பீஸ்லேக் என்கிற கிராமத்துக்கு ஓட்டிப் போவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஊர்க் கடை வாசலில் குறைந்தது பத்து சைக்கிளாவது சாய்ந்து கிடக்கும். சேறு பூசின மனிதர்கள் வரிசையில் நின்று சீஸ் ஸ்ட்ரா வாங்குவார்கள். முறுக்கு மாதிரி ஒன்று, ஆனால் கை நீளம், வெண்ணெய் சொட்டும். மலையில் இறங்குவதைவிட இதற்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

தடங்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள் தனி வேடிக்கை. பேரி நோஸ் பெஸ்ட். எல்லாம் பேரிக்குத் தெரியும் என்று அர்த்தம். யோகர்ட் பாட்ஸ், அதாவது தயிர்ச்சட்டிகள். மேடும் பள்ளமுமாய் நெளிந்து போகும், கடைசியில் வயிற்றுக்குள் இருப்பது மோராகியிருக்கும். ஆங்கிலத்தில் இந்த மாதிரிக் குறுகிய தடத்தை சிங்கிள்டிராக் என்கிறார்கள், பெரிய விளையாட்டுச் சொல். நாம் ரொம்ப நாளாக ஒற்றையடிப் பாதை என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான். என்ன, நம்முடையது அடி பட்டு ஆனது. இங்கே பல தடங்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் பட்டு ஆனவை. திருப்பங்களில் வெளிப்பக்கம் மண்ணை அணைத்துத் தொட்டிச் சுவர் மாதிரிக் கரை கட்டியிருப்பார்கள், அதில் சைக்கிளைச் சாய்த்துப் போட்டால் பூமியே பிடித்துத் திருப்பிவிடும்.

மழை பெய்து முடிந்த காலையில் பைன் மரங்களுக்கு நடுவே இறங்குவதுபோல ஒரு சுகம் எனக்குத் தெரிந்து இல்லை. சீட்டைப் பட்டன் தட்டிக் கீழே இறக்கிவிட்டு, பெடலில் எழுந்து நின்று, முழங்காலும் முழங்கையும் தளர்வாக. டயரில் காற்று குறைவாகத்தான் இருக்கும், முன்னால் 21, பின்னால் 24 பி.எஸ்.ஐ. என்று வைப்பேன், ரப்பர் வேரையும் கல்லையும் உள்ளங்கை மாதிரித் தடவிப் பிடித்துக்கொண்டு போகும். நனைந்த வேர் குறுக்கே வந்தால் பிரேக்கைத் தொடக் கூடாது, நேராக வெட்டிப் போக வேண்டும், சாய்வாக ஏறினால் சைக்கிள் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். இரண்டு விரல் பிரேக்கின் மேல் சும்மா இருக்கும். அந்த நேரம் வேறு எந்த யோசனையும் உள்ளே வராது. வீட்டுக் கடன், விசா, அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் எங்கேயோ பின்னால் நிற்கும். காதில் டயர் மணலை அரைக்கிற சத்தம் மட்டும்.

அந்த அமைதியை நான் கொஞ்சம் அதிகமாகவே காதலித்துவிட்டேன். செயின் ஃபிரேமில் தட்டாமல் இருக்க ரப்பர் ஒட்டினேன். கேபிள் ஆடாமல் நுரை சுற்றினேன். பின்சக்கரத்துக்குச் சத்தமே போடாத ஹப், அதாவது சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடம், ஒன்று தேடி மாட்டினேன். எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்த பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். அவருடையது ஹோப் கம்பெனியின் ஹப், லங்காஷரில் பார்னோல்ட்ஸ்விக் என்கிற ஊரில் செய்வது, பெடல் மிதிப்பதை நிறுத்தினால் வெட்டுக்கிளிப் படையே பறந்து வருகிற மாதிரி கரகரக்கும். “இதுதான் என் பெல்” என்பார். முன்னால் ஆள் தெரிந்தால் மிதிப்பதை நிறுத்துவார், கர்ர்ர் என்று கேட்கும், அவர்கள் தாமாகவே ஒதுங்குவார்கள். எனக்கு அது அநாகரிகமாகப் பட்டது. காட்டுக்கு வந்து இப்படி இரைச்சல் போடுவதா என்று மனசுக்குள் அவரைக் கொஞ்சம் குறைவாகவே எடைபோட்டு வைத்திருந்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

குதிரையின் காது

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகத்தான் போனேன். அக்டோபர் கடைசி வாரம், பீச் மரத்து இலைகள் எல்லாம் செம்பு நிறத்தில் பாதையை மூடியிருந்தன, ராத்திரி மழையில் நனைந்து மெத்தென்று கிடந்தன. ஹோம்பரியில் இருந்து இறங்கி, மூன்றாவது ஏற்றத்துக்காக ஒரு அகலமான மணல் பாதையில் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். நீல அம்பு போட்ட பாதை, அதாவது குதிரைக்கும் சைக்கிளுக்கும் அனுமதி உள்ளது. லேசான இறக்கம், மிதிக்கவே வேண்டாம். ஒரு வளைவு திரும்பியதும் முன்னால் இரண்டு குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முன்னால் அறுபது வயது இருக்கும் ஒரு பெண்மணி, பின்னால் பதின்மூன்று பதினாலு வயதில் ஒரு சிறுமி.

நான் செய்தது எல்லாம் சரி என்றுதான் அப்போது நினைத்தேன். உடனே வேகத்தைக் குறைத்தேன். பத்து மீட்டர் தள்ளி, நடக்கிற வேகத்தில், அவர்கள் திரும்பிப் பார்க்கட்டும் என்று வழக்கம்போலப் பின்னாலேயே ஊர்ந்தேன். நனைந்த இலை, மெத்தை மணல், ஊமை ஹப். பூனைகூட அவ்வளவு சத்தமில்லாமல் போயிருக்காது. சிறுமியின் குதிரை கருஞ்சிவப்பு நிறம், பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. அதன் காதுகளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் முன்னால் பார்த்து நிமிர்ந்திருந்தன. அப்புறம் இடது காது மட்டும் மெதுவாகப் பின்னால் திரும்பியது, ஏதோ ரேடியோ ஸ்டேஷன் தேடுகிற மாதிரி. முன்னால் போனது, திரும்பவும் பின்னால் வந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

அடுத்த நொடி அந்த அரை டன் உடம்பு அப்படியே பக்கவாட்டில் துள்ளியது. எப்படிச் சொல்வது, நாலு காலும் ஒரே நேரத்தில் இடம் மாறின. சிறுமி சேணத்தில் இருந்து சரிந்து, ஒரு கால் வளையத்தில் இருந்து விடுபட்டு, கழுத்து மயிரைப் பிடித்துத் தொங்கினாள். குதிரை சுழன்று என்னைப் பார்த்துத் திரும்பியது. அதன் கண்ணில் வெள்ளை தெரிந்தது. மூக்கு விரிந்து புஸ் புஸ் என்று ஊதியது. நான் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றி, சிலை மாதிரி நின்றேன். அசையாமல் நின்றால் அடங்கிவிடும் என்று யாரோ சொன்ன ஞாபகம். அது பாம்புக்கோ எதற்கோ. குதிரை இன்னும் மிரண்டு பின்காலில் எழப் பார்த்தது.

“பேசுங்க!” என்று முன்னால் இருந்த பெண்மணி கத்தினார். “அவன்கிட்ட பேசுங்க! எதையாவது பேசுங்க!”

எனக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. ‘ஹலோ’ வந்திருக்கலாம், ‘குட் மார்னிங்’ வந்திருக்கலாம். வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்: “ஹோ... ஹோ... ஒண்ணுமில்லடா ராஜா, ஒண்ணுமில்ல, நான்தான், ஒண்ணும் பண்ண மாட்டேன், பயப்படாத, ஹோ...” தாத்தா வண்டி மாட்டிடம் பேசுகிற அதே ராகம். அவர் போய் இருபது வருஷம் ஆகிறது. அந்த ராகம் எனக்குள் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. நிறுத்த பயந்துகொண்டு பேசிக்கொண்டே இருந்தேன். சைக்கிளைப் பற்றிச் சொன்னேன், மழையைப் பற்றிச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். குதிரையின் இரண்டு காதும் என் பக்கம் திரும்பின. தலை ஒரு முழம் கீழே இறங்கியது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. சிறுமி வளையத்தைக் காலால் துழாவிப் பிடித்து நேராக உட்கார்ந்தாள்.

அப்புறம் அந்த அம்மா சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான். பின்னால் இருந்து சத்தமில்லாமல் வருவது எதுவானாலும் குதிரைக்கு அது ஓநாய். இங்கிலாந்தில் ஓநாய் அழிந்து பல நூறு வருஷம் ஆனது குதிரைக்குத் தெரியாது. அதற்கு இரண்டு பக்கமும் கண், கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும், ஆனால் நேர் பின்னால் தெரியாது. மனிதக் குரல் கேட்டால் ஓ, மனுஷன் என்று விட்டுவிடும். “நீங்க மெதுவா வந்தது நல்லதுதான். ஆனா பதுங்கி வந்தீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வண்டியில் எந்த ஸ்க்ரூ லூஸ் என்று மெக்கானிக் சொல்கிற மாதிரி சொன்னார். என்ன பாஷை என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. சிறுமி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கையுறைக்குள் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன, கடிவாள வார் அந்த நடுக்கத்தில் சின்னதாக ஆடிக்கொண்டே இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். போகும்போது அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத முயன்று இரண்டு தடவை அழித்துவிட்டேன்.

மூன்றாவது ஏற்றம் ஏறவில்லை. கோம்ஷாலுக்குத் திரும்பிவிட்டேன்.

யார் போட்ட பாதை

பதுங்குவது என்ற சொல் என்னை விடவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து சாலை விதிப் புத்தகத்தைப் படித்தேன். 2022-ல் திருத்திய பதிப்பில் தெளிவாகவே இருக்கிறது: நடப்பவர்களையும் குதிரையில் போகிறவர்களையும் நெருக்கமாகவோ வேகமாகவோ கடக்காதே, நீ வருவதை பெல் அடித்தோ மரியாதையாகக் குரல் கொடுத்தோ தெரியப்படுத்து, நடப்பவருக்குக் காது கேட்காமலும் இருக்கலாம், குதிரையை இடது பக்கமாகக் கடக்காதே. இந்த ஊரில் இத்தனை வருஷம் சைக்கிள் விட்டிருக்கிறேன், அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. நல்லவனாக இருந்தால் போதும், படிக்க வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு.

படித்துக்கொண்டே போனதில் இன்னொன்று தெரிந்தது, அதுதான் என்னை நன்றாகக் குத்தியது. இங்கே காட்டுப் பாதைகளில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவருக்கு மட்டும், நீல அம்பு இருந்தால் குதிரைக்கும். 1949-ல் ஒரு சட்டம் வந்து, எந்தெந்தப் பாதையில் மக்களுக்கு உரிமை இருக்கிறது என்று கவுண்டி கவுண்டியாக, அதாவது மாவட்டம் மாவட்டமாக, வரைபடம் போடச் சொன்னது. ஊர் ஊராக ஆட்கள் நடந்து பார்த்து எழுதிக்கொடுத்தார்கள். இதில் குதிரை போகும் என்று எழுதினால் நீலம், இல்லையென்றால் மஞ்சள். சில இடத்தில் ஒரே பாதை ஊர் எல்லையைத் தாண்டியதும் நிறம் மாறும், அந்த ஊரில் எழுதியவர் வேறு ஆள், அவ்வளவுதான். சைக்கிளுக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. 1968-ல்தான் இன்னொரு சட்டத்தில், குதிரைப் பாதையில் சைக்கிளும் போகலாம், ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டும் என்று சேர்த்தார்கள். இன்றைக்கும் இங்கிலாந்தில் உள்ள உரிமைப் பாதைகளில் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான் சைக்கிளுக்கு. ஸ்காட்லாந்தில் 2003-ல் போட்ட சட்டத்தால் கதை வேறு, பொறுப்பாக நடந்துகொண்டால் அநேகமாக எங்கேயும் ஓட்டலாம். எங்கள் சைக்கிள் ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். நானும் விட்டிருக்கிறேன், அந்தக் கோரிக்கை நியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். என்றோ ஒரு காலத்தில் யாரோ குதிரையில் போனதால்தான் அந்தப் பாதை நீலம். அது நீலமாக இருப்பதால்தான் எனக்கு அங்கே வேலை. குதிரையின் உரிமைக்குப் பின்னால் கேரியரில் தொற்றிக்கொண்டு வந்த ஆள் நான். ஹர்ட்வுட் என்று சொல்கிற அந்தக் காட்டுப் பகுதிக்குள் பொதுமக்கள் காற்று வாங்கவும் உலாவவும் 1926-ல் உரிமை எழுதிக்கொடுத்தவர் ரெஜினால்ட் பிரே என்கிற ஜமீன்தார். இன்று பேரியும் தயிர்ச்சட்டியுமாய் நாங்கள் இறங்குவதெல்லாம் அந்த நிலத்தில் கிடைத்த அனுமதியில்தான். இந்தக் காட்டில் என் கால் படும் ஒவ்வொரு முழத்துக்கும் எனக்கு முன்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் எழுந்துவிடக் கூடாதே என்று நான் பூனை மாதிரி நுழைந்ததன் காரணம்கூட இதுதானோ என்னவோ. நான் இந்த ஊருக்கே கொஞ்சம் அப்படித்தான் வந்தேன், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், யாரும் திரும்பிப் பார்க்காமல். சரி, அது வேறு கட்டுரை.

முப்பது மீட்டர்

பெல்லை மறுபடி மாட்டின பிறகு ஒரு மாதம் சோதனை மாதிரியே செய்து பார்த்தேன். ஐந்து மீட்டரில் அடித்தால் துள்ளுகிறார்கள், அந்த வயதான தம்பதி மாதிரியே. முப்பது மீட்டரில் அடித்தால் சும்மா திரும்பிப் பார்த்து, நாயைக் கூப்பிட்டுக்கொண்டு, தாங்களாகவே ஒரு பக்கம் போகிறார்கள், கையும் ஆட்டுகிறார்கள். அதே பெல், அதே ஆள். முதல் வருஷம் நான் பெல்லின் மேல் போட்ட பழி முழுக்க தூரத்தின் மேல் போட்டிருக்க வேண்டியது. காற்று அடிக்கிற நாளில் பீச் இலைகள் கடல் மாதிரி இரையும், அப்போது முப்பது மீட்டர் பத்தாது. காதில் இயர்போன் இருந்தால் எதுவுமே பத்தாது. குதிரைக்கு நான் பெல் அடிப்பதில்லை, குரல்தான், அதுவும் தூரத்தில் இருந்தே, போகலாம் என்று அவர்கள் சொல்லும் வரை நின்றுவிடுவேன். ஆங்கிலத்தில்தான் பேசுகிறேன். ஆனால் கொஞ்சம் அவசரம் என்றால் ‘ஹோ’ தானாக வந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டுக்காரரோடு போகும்போது இன்னொரு பழக்கத்தைக் கவனித்தேன். இத்தனை நாள் கேட்டும் காதில் வாங்காமல் இருந்திருக்கிறேன். கூட்டமாகப் போகும்போது முதலில் போகிறவர் வழிவிட்டவரிடம் “பின்னால இன்னும் மூணு பேர்” என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்தவர் இரண்டு பேர் என்பார். கடைசி ஆள் “நான்தான் கடைசி, தேங்க்ஸ்” என்பார். முள்செடிக்குள் ஒற்றைக் காலில் நிற்கிறவருக்கு எப்போது திரும்பப் பாதைக்கு வரலாம் என்று தெரிய வேண்டுமே. நான் எப்போதும் கடைசி ஆளாகத்தான் வருவேன், தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவேன். எத்தனை பேர் எனக்குப் பின்னால் வராத ஆளுக்காக முள்ளுக்குள் காத்துக்கொண்டு நின்றார்களோ.

ஆனாலும் பெல் மாட்டியதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியவில்லை. ஏப்ரல் கடைசியில், புளூபெல் பூத்திருந்த நேரம், காலையில் ஏழரை மணி இருக்கும். இலை துளிர்த்து நிழல் மூடுவதற்கு முன்னால் தரை முழுக்க ஊதா நீலமாகப் பூத்து அடங்குகிற பூ அது, இரண்டு மூன்று வாரம்தான் ஆட்டம். மிதித்துவிட்டால் அந்த இடம் தேறி மறுபடி பூக்க வருஷக் கணக்கில் ஆகும். அதற்கு நடுவே ஒரு பாதை, இரண்டடி அகலம்கூட இல்லை, நீல அம்பு போட்டதுதான். முன்னால் ஒரு வயதானவர் தனியாக, தொப்பி போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். நாற்பது மீட்டரில் அடித்தேன். திரும்பவில்லை. முப்பதில் அடித்தேன். அப்புறம் இறங்கி, இருபதில், “குட் மார்னிங்” என்று எனக்கே அந்நியமான உரத்த குரலில் சொன்னேன். ஒரு அசைவும் இல்லை. அப்போதுதான் யோசித்தேன், அவர் திரும்பினால்தான் என்ன ஆகும்? எங்கே ஒதுங்குவார்? இந்தப் பக்கமும் பூ, அந்தப் பக்கமும் பூ. நல்ல மனுஷனாக எனக்கு வழிவிட ஒரு காலை எடுத்து நீலத்துக்குள் வைத்துவிடுவார்.

வாயை மூடிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பின்னால் நடந்தேன். ஆனால் இந்தத் தடவை பதுங்கவில்லை. பின்சக்கரத்தை வேண்டுமென்றே கல்லில் ஏற்றி இறக்கினேன், தொண்டையைக் கனைத்தேன், ஏதோ பழைய பாட்டைக்கூட முணுமுணுத்தேன். அவர் நடுநடுவே நின்று குனிந்து ஒரு பூவைப் பார்ப்பார், நானும் நிற்பேன். பாதை முடிய பத்து நிமிஷம் ஆனது. முடியும் இடத்தில் மரக் கேட், அதைத் திறக்கக் கை வைத்தபோதுதான் என்னைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார், அவ்வளவுதான், கத்தவில்லை. சட்டைப்பையில் இருந்து காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டே, எவ்வளவு நேரமாகப் பின்னால் வருகிறீர்கள் என்று கேட்டார். பூ ஆரம்பித்த இடத்தில் இருந்து என்றேன். பெல் இல்லையா என்றார். நான் கட்டைவிரலால் சுண்டினேன். அவர் தலையைச் சாய்த்து அது அடங்கும் வரை கேட்டார். பிறகு, குதிரையில் உட்கார்ந்தபடியே எட்டித் திறப்பதற்காக உயரமாக வைத்திருக்கும் அந்தக் கேட்டின் நீளக் கைப்பிடியைப் பிடித்து இழுத்து, நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் வரை திறந்தே வைத்திருந்தார்.